சுருதிப்பெட்டிக்கு ஓர் அறை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1998 உயர்தரப் பிரிவைச் சேர்ந்த பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அக்கா என்னைக் கூப்பிட்டபோது, "டொக்டர், சீனி வருத்தம் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க. எல்லாருக்கும் பிரயோசனம்" என்றா. வைத்தியர் என்றால் எந்த மேடையிலும் சீனி வருத்தமும் பிரஷரும்தான் பேச வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிறேன்: நாற்பது வயது தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள், இன்று மத்தியானம் வட்டிலப்பத்தை இரண்டாம் முறை எடுக்காதீர்கள். மிச்ச நேரத்தில் வேறொரு விஷயம் பேச அனுமதி தாருங்கள்.

ஒரு பாடசாலைக்குச் சங்கீத ரீச்சர் எப்படிக் கிடைக்கிறா, அவ வருவதற்கு ஒரு பிள்ளை எங்கே, என்ன படிக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் என் விஷயம்.

ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். சித்திரம், சங்கீதம், நடனம். நான் சித்திரத்துக்குத்தான் பெயர் கொடுத்தேன். அந்த வகுப்பில் இடமில்லை என்று என்னைச் சங்கீதத்துக்கு அனுப்பினார்கள். இப்படி இடமில்லாமல் வந்தவர்கள்தான் அந்த வகுப்பில் பாதிப்பேர். அப்போது வகுப்பறை என்று தனியாக ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு வாங்கு. ரீச்சரிடம் ஒரு சுருதிப்பெட்டி. கையால் இழுத்து மூடுகிற பழைய பெட்டி. ஒரு பக்கத்துத் துருத்தி கிழிந்து, தோல் ஒட்டுப் போட்டிருக்கும். அதை இழுத்துவிடுகிற வேலையை முறை வைத்து எங்களிடம் தருவா. அந்த முறைக்காக நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பாதை எப்போது மூடும் என்று தெரியாது. ஒரு நாள் பாதி வகுப்பில் பெற்றோர் ஓடிவந்து பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். அடுத்த நாள் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான் இருப்போம். ரீச்சர் அதே இடத்திலிருந்து தொடங்குவா. "நேற்று எங்க விட்டம்? ஜண்டை வரிசை மூன்றாவது. ஆ, போடுங்க தாளத்த." வெளியில் என்ன நடந்தாலும் ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கைதான். அந்த நாட்களில் எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

சங்கீதம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் பாடம் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை. ஏன் அந்த இராகம் என்று ஒருநாள் நான் கேட்டேன். ரீச்சர் கரும்பலகையில் கோடு கீறிக் காட்டினா. ச, ரி, க, ம என்று ஏறும்போது சுரங்களுக்கிடையில் என்ன இடைவெளி இருக்கிறதோ, அதே இடைவெளிதான் ப, த, நி, ச என்று ஏறும்போதும். கீழ்ப்பாதியைப் பழகிய தொண்டைக்கு மேல்பாதி தானாக வரும். சின்னப் பிள்ளைக்கு இதைவிட இலகுவான ஏணி இல்லை. இந்தப் பாடமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. ஏறத்தாழ 500 வருஷமாக அதை ஒருவரும் மாற்ற நினைக்கவில்லை. எங்கள் பாடத்திட்டங்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறுவதை நினைத்துப் பாருங்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் எனக்குச் சங்கீதத்துக்கு 'டீ'. உயர்தரத்துக்கு உயிரியல். அன்றோடு பாட்டை விட்டுவிட்டேன். விடைபெறப் போனபோது ரீச்சர், "நல்லாப் படி மகள். டொக்டராகு. ஆனா பாட்ட விட்டிராத" என்று சொன்னா. "இல்ல ரீச்சர், விடமாட்டன்" என்றேன். பொய்தான். பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போன பெட்டியில் சங்கீதக் கொப்பி ஒன்றுகூட இல்லை.

ஆனால் ரீச்சர் படிப்பித்தது போகவில்லை. மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருஷம் வார்ட்டில் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். இதயம் 'லப் டப்' என்று இரண்டு சத்தம் போடும் என்பது உங்களுக்குத் தெரியும். இதயம் பலவீனமாகும்போது சிலருக்கு மூன்றாவது சத்தமொன்று சேரும், குதிரை ஓடுவது போல. என்னோடு நின்றவர்கள் கேட்கவில்லை என்றார்கள். எனக்குச் சட்டென்று கேட்டது. என் விரல் என்னை அறியாமல் தொடையில் தகிட தகிட என்று போட்டது. திஸ்ர நடை. நிபுணர் என்னைப் பார்த்து, "எங்கே பழகினாய்?" என்று கேட்டார். வேப்பமரத்தைப் பற்றி அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சிரித்துவிட்டு நின்றேன்.

இனி, நான் சொல்லக் கூச்சப்படும் கதை.

என் அக்காவின் மகள் சில வருஷங்களுக்கு முன் சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் 'ஏ' எடுத்தா. ஒன்பது 'ஏ' என்றால் எங்கள் ஊரில் பிள்ளைக்குத் தெரிவு என்று ஒன்று கிடையாது. உயிரியல் அல்லது கணிதம். வீட்டில் கேக் வெட்டினோம். கேக் வெட்டிய மறுநாள் அவ சொன்னா, "நான் கலைப்பிரிவு எடுக்கப் போறன். கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். பிறகு கல்லடியில இசை படிச்சு, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போறன்."

வீட்டில் சாவு விழுந்த மாதிரி. அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தா. "நீ வந்து சொல்லு. நீ சொன்னாக் கேப்பா." வைத்தியர் சின்னம்மா புறப்பட்டுப் போனேன். போய்ச் சொன்னதை இந்த மேடையில் அப்படியே சொல்கிறேன். "பாட்டு வீட்டில பாடு, ஆரு வேணாம் எண்டது? சங்கீதத்த வச்சுச் சோறு தின்ன ஏலுமா? பட்டம் எடுத்த பிள்ளைகள் நியமனம் கேட்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில மாசக்கணக்கா இருந்தத நீ டிவியில பாக்கல்லியா?"

அவ அழவில்லை. கோபப்படவும் இல்லை. "சின்னம்மா, உங்கட ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் இல்லாட்டி ஊர்ச்சனம் கேற்றடியில நிண்டு சத்தம் போடும். எங்கட பள்ளியில ஆறு வருஷமாச் சங்கீத ரீச்சர் இல்ல. ஆராவது கேட்டீங்களா?" என்றா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷம்! நான் அந்த ஆறு வருஷமும் இந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவள். பரிசளிப்பு விழாவுக்கு வருவேன். வரவேற்புப் பாடல் ஒலிநாடாவில் போகும். அதைக் கேட்டுவிட்டு முன்வரிசையில் இருந்து கை தட்டுவேன். ஏன் பிள்ளைகள் பாடவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"ரீச்சர் இல்லாம நீ எப்படி 'ஏ' எடுத்த?" என்று கேட்டேன். அவ எங்கே படித்தா தெரியுமா? எங்கள் அதே ரீச்சரிடம்தான். ஓய்வுபெற்று, முழங்கால் தேய்ந்து, வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தா. அதே சுருதிப்பெட்டி. ஒட்டுப் போட்ட துருத்திக்கு மேலே இன்னோர் ஒட்டு.

அதற்குப் பிறகு எனக்குப் பேச வாயில்லை. உயர்தரம் முடிய, உளச்சார்புப் பரீட்சைக்குக் கல்லடிக்கு அவளை நானே கூட்டிப் போனேன்.

அன்று காலை அந்த வளாகத்துக்கு வெளியே நிழலில் பெற்றோரோடு பெற்றோராக இருந்தேன். மருத்துவ பீடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் வேறு மாதிரி. இங்கே இருந்தவர்களில் ஒருவர் மீன்பிடித் தொழில். ஒருவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். ஓர் அம்மா படுவான்கரையிலிருந்து வெள்ளனப் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்தவ. அவவின் தகப்பனார் கூத்து அண்ணாவியார். "அவருட்டக் கேட்டுப் பழகின பாட்டுத்தான் புள்ளைக்கு. பேப்பரில எழுதிப் படிச்சதெல்லாம் பிறகுதான்" என்றா. உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ச் சுருதி சேர்த்துப் பாட வேண்டும், தாளம் போட்டுக் காட்ட வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என் பெறாமகள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "தொண்டை கட்டிப்போச்சு சின்னம்மா. ஆனா சுருதி விலகல்ல" என்றா. திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தோம். 1924இல் கட்டிய பழைய பாலம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் நூறு வயதாகிவிட்டது. இந்த வாவியில் மீன் பாடும் என்று உலகம் முழுக்கச் சொல்கிறோம். மீன் பாடினால் பெருமை. எங்கள் பிள்ளை பாடப் போகிறேன் என்றால் மட்டும் ஏன் பயப்படுகிறோம்?

இப்போது அவ மூன்றாம் வருஷம். இங்கே இருக்கும் தாய்மாருக்கும் உயர்தர மாணவிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சங்கீத ஆசிரியையாக வர இந்த நாட்டில் சில பாதைகள் இருக்கின்றன. ஒன்று பல்கலைக்கழகப் பட்டம். எங்களுக்குக் கிட்ட, கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். எண்பதுகளின் தொடக்கத்தில் இசை நடனக் கல்லூரியாக ஆரம்பித்து, பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வடக்கில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்த கல்லூரியை ஒட்டி மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக வளர்ந்த நிறுவனம். அது 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது. பட்டம் நான்கு வருஷம். அதன் பிறகு ஆசிரியர் நியமனம். நியமனம் கிடைத்த பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்து கற்பித்தலை முறையாகப் படிக்கலாம். இன்னொரு பாதை தேசிய கல்வியியற் கல்லூரிகள். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருஷம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறி என்பதை அந்தந்த வருஷத்து வர்த்தமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாக நடத்தும் பரீட்சைகளையும் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே எழுதி வருகிறார்கள்.

நாங்கள் நினைப்பதுபோல அங்கே நாள் முழுக்கப் பாட்டு மட்டும் இல்லை. 72 மேளகர்த்தா இராகங்களும் எப்படிக் கணக்காகப் பிறக்கின்றன என்று படிக்க வேண்டும். 35 தாளங்களின் அமைப்பு, இசை வரலாறு, சுரதாளக் குறிப்போடு பாட்டை எழுதுவது, பண்கள், வாய்ப்பாட்டோடு ஒரு வாத்தியம், இவற்றுக்கு மேலே எங்கள் மண்ணின் பாட்டு. ஒருநாள் பெறாமகளின் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். என்னுடைய உடற்றொழிலியல் கொப்பிக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல.

குறையக் காரணமும் இல்லை. அந்த நிறுவகத்துக்குப் பெயர் தந்தவர் யார்? நாங்கள் கல்முனைக்குப் பஸ்ஸில் போகும்போது தாண்டிப் போகும் காரைதீவில் 1892இல் பிறந்தவர். கொழும்பில் விஞ்ஞானம் படித்து டிப்ளோமா எடுத்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். விஞ்ஞானம் படிப்பித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். துறவியான பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பழைய நூல்களில் மட்டும் பெயர் இருந்த யாழ்களை, நரம்பின் நீளம், சுரங்களின் விகிதம் என்று கணிதத்தாலும் பௌதிகத்தாலும் ஆராய்ந்து ஏறத்தாழ 14 வருஷம் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19, அவர் காலமானார். எங்கள் கரையோரத்தின் மிகப் பெரிய விஞ்ஞானப் பட்டதாரி தன் கடைசிக் காலத்தை இசைக்குக் கொடுத்தார். ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளை இசை படித்தால் மூளை வீணாகும் என்று நான் சொன்னபோது இதை ஏன் மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே இருக்கும் சில சகோதரிகளுக்கு இசை என்பது மார்க்கத்தோடு சேர்ந்த யோசனை என்பதும் எனக்குத் தெரியும். அதை மதிக்கிறேன். எந்தப் பிள்ளையையும் மனமில்லாமல் பாட வைப்பது ஆசிரியையின் வேலை இல்லை. ஆனால் எங்கள் இரண்டு பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் குரவை கேட்கிறது. அக்கரைப்பற்று உம்மும்மாமாரின் கவிகளும் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திப் பாடலும் ஒரே வயல்காற்றில் வளர்ந்தவை. பெறாமகள் போன விடுமுறைக்கு ஒரு கிராமத்துப் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆறு கிழமை சொல்லிக் கொடுத்தா. ஆறாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை. திட்டவில்லை. தாளம் மட்டும் போடச் சொல்லி விட்டா. மூன்றாம் கிழமை, "வீட்டில தாலாட்டு ஆராவது பாடுவாங்களா?" என்று வகுப்பைக் கேட்டிருக்கிறா. அந்தப் பிள்ளை எழும்பி, மூத்தம்மாவின் தாலாட்டை முழுக்கப் பாடினாளாம். வகுப்பு அசையவில்லையாம். "அண்டைக்குத்தான் சின்னம்மா, நான் ரீச்சரானன்" என்று எனக்குச் சொன்னா. பட்டம் கிடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

வைத்தியராக ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செயலாளர் அக்கா என்னை விடமாட்டா.

ஆசிரியத் தொழிலில் குரல்தான் ஆயுதம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே நாள் முழுக்கக் கத்தினால் குரல் நாண்களில் காய்ப்பு மாதிரிச் சிறு முடிச்சு வரும். சங்கீத ஆசிரியைக்கு இது இரட்டிப்பு ஆபத்து. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் குரலுக்குச் சுமைதான். பேசாமல் இருப்பதே மருந்து. மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால் கல்கண்டோடும் மிளகோடும் நிற்காமல் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. குரல் உடைவது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் வயதுக்கு வரும் காலத்தில் கொஞ்சம் இறங்கும், காற்றுக் கலந்த மாதிரிக் கேட்கும். அந்த நேரத்தில் "உனக்குக் குரல் போயிற்று" என்று ஒரு பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பினால் அவ பிறகு வாழ்நாளில் பாடமாட்டா. படித்த ஆசிரியை அரைக் கட்டை சுருதியைக் குறைத்துவிட்டுப் பொறுத்திருப்பா. படித்த ஆசிரியைக்கும் ஒலிநாடாவுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

பாரிசவாதம் வந்து பேச்சு இழந்தவர்களைப் பார்க்கிறேன். "தண்ணி" என்று ஒரு சொல் வராத ஓர் ஐயா, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முதல் நாள் வார்ட்டில் இருந்துகொண்டு முருகன் பாட்டு ஒன்றைச் சொல் பிழையாமல் பாடினார். பேச்சும் பாட்டும் மூளையில் முழுக்க ஒரே வழியில் போவதில்லை. பாட்டின் வழியாகப் பேச்சை மீட்கும் சிகிச்சை முறையை அமெரிக்காவில் 1973இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஐயாவுக்குச் சின்ன வயதில் யாரோ ஒருவர் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எழுபது வயதில் அதுதான் அவருக்கு மிஞ்சியது.

கடைசியாக, நான் இந்த மேடைக்கு வந்த காரணம்.

நூற்றாண்டுக்கு நாங்கள் சேர்த்த காசில் பாடசாலை முகப்பில் பெரிய வளைவு கட்டுவது என்று செயற்குழுவில் முடிவு எடுத்தோம். படமும் கீறியாயிற்று. மேலே யாழ் உருவம் ஒன்று வரும், சீமெந்தில். அந்த முடிவுக்கு நானும் கை உயர்த்தினேன். அன்று எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. உள்ளே பாட ஒருவரும் இல்லாத பள்ளிக்கூடத்தின் வாசலில் சீமெந்து யாழ் எதற்கு?

வளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய அக்காமாருக்குப் படம் எடுக்க ஓர் இடம் வேண்டும், அந்த ஆசை நியாயம்தான். ஆனால் வளைவைப் பாதியாகக் குறைப்போம். மிச்சக் காசில் மூன்று வேலை செய்யலாம்.

முதலாவது, பழைய களஞ்சிய அறையைத் திருத்திச் சங்கீத அறையாக்குவோம். இரண்டு சுருதிப்பெட்டி, ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், பாய். இவ்வளவு போதும் தொடங்க.

இரண்டாவது, சங்கீத ஆசிரியை வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணத்துக்கும் சங்கம் எழுத்தில் கேட்போம். ஒரு கடிதத்தோடு நிறுத்தாமல் மாதம் ஒன்று எழுதுவோம். ஆசிரியை வரும்வரை, படித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளை ஒருத்தியைப் போக்குவரத்துச் செலவாவது கொடுத்துக் கூப்பிடுவோம். சும்மா வா என்று கேட்க வேண்டாம். எங்கள் மாகாணத்தில் தொண்டர் ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் பட்டது போதும்.

மூன்றாவது, வருஷத்துக்கு ஒரு மாணவி இசை படிக்கப் போனால் அவவுக்குச் சங்கம் ஒரு சிறிய உதவிப்பணம் கொடுக்கட்டும். மருத்துவ பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கு மாலை போட்டுப் பதாகை கட்டுகிறோம். கல்லடிக்குப் போகும் பிள்ளைக்கும் ஒரு பதாகை கட்டுவோம். அது அவவைவிட அவவின் தாய் தகப்பனுக்குத் தேவை. எனக்குத் தெரியும், என் அக்கா இங்கே நாலாம் வரிசையில் இருக்கிறா.

பாடசாலையில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பரீட்சை நெருங்கினால் "சங்கீதந்தானே, அந்தப் பாடவேளையக் கணிதத்துக்குத் தாங்க" என்று கேட்காதீர்கள். பிரமுகர் வரும்போது மட்டும் வரவேற்புப் பாடலுக்காகச் சங்கீத ரீச்சரைத் தேடாதீர்கள். நியமனம் வருவது எங்கள் கையில் முழுக்க இல்லை. வந்தவவை மதிப்போடு வைத்திருப்பது எங்கள் கையில்தான்.

வருகிற பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டு வருவேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். எதிர்ப்பவர்களும் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் எதிர்ப்பதற்கு முன் ஒருநாள் சனிக்கிழமை அந்த விறாந்தைக்கு வந்து, அந்தப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறா. முழங்கால் நோவோடு வந்து இரண்டு மணித்தியாலமாக இருக்கிறா. ரீச்சர், நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னேன். பாட்ட விட்டுட்டன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். மன்னிச்சுக்கொள்ளுங்க. போன மாதத்திலிருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் பெறாமகளிடம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சரளி வரிசையிலிருந்து. மேல் ஷட்ஜத்துக்குக் குரல் ஏறவில்லை. "அரைக் கட்டை குறைப்பம் சின்னம்மா" என்று சொல்லியிருக்கிறா. நல்ல ரீச்சராக வருவா.